மேரி ஏர்ப்ஸ் கீப்பர் ஜெர்சி: இப்போது வாங்கலாமா?

வாங்கியது: இங்கிலாந்து பெண்கள் அணியின் 2023 கோல்கீப்பர் ஜெர்சி. பச்சை நிறம், முதுகில் அந்த அணியின் முன்னாள் கீப்பர் மேரி ஏர்ப்ஸின் பெயர், எண் 1. பெரியவர்களுக்கான சின்ன அளவு. பழைய துணி விற்கும் செயலி ஒன்றில், "ஒரே ஒரு தடவைதான் போட்டேன்" என்று சொன்ன ஒருவரிடம் வாங்கினேன். தபால் செலவோடு 65 பவுண்டு. போடுபவர் என் மகள். வயது பன்னிரண்டு, இங்கிலாந்தின் ரெடிங் ஊரில் ஒரு பெண் பிள்ளைகள் அணிக்குக் கீப்பர்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல் போஸ்டுக்கு நடுவில் நிற்க இந்தச் சட்டை அவசியமே இல்லை. முழங்கையில் பஞ்சு வைத்துத் தைத்த முழுக்கைச் சட்டை 15 பவுண்டுக்குக் கிடைக்கிறது. சேற்றில் விழுந்து புரள அது போதும். ஆனாலும் இதை வாங்கினேன், வாங்கியதில் எனக்கு வருத்தமும் இல்லை. காரணத்தைச் சொல்லப் போனால் சட்டையைவிட அதன் கதைதான் நீளம். சட்டையைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் பாதி தள்ளி வந்து படிக்கலாம்.

என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி நியாயமானது: "ஓய்வு வாங்கிட்டுப் போனவங்க பேர் போட்ட சட்டைக்கு இவ்வளவு காசா?" 2025 மே மாதக் கடைசியில், ஐரோப்பியக் கோப்பையான யூரோ தொடங்க ஐந்து வாரம் இருக்கும்போது, ஏர்ப்ஸ் நாட்டு அணியிலிருந்து விலகினார். அதற்குள் பயிற்சியாளர் சரினா வீக்மன் முதல் இடத்தை ஹன்னா ஹாம்ப்டனுக்குக் கொடுத்திருந்தார். அந்த ஹாம்ப்டன் சும்மா இருந்தாரா? ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் மரியோனா கால்தென்தே, அய்த்தானா போன்மாத்தி இருவரின் பெனால்டிகளையும் தடுத்தார். இங்கிலாந்துக்குக் கோப்பை வந்தது. மகளின் அணியில் பாதிப் பிள்ளைகள் இன்று ஹாம்ப்டன் கட்சி. அப்புறம் ஏன் பழைய ஆள் பெயர் என்று நானும் கேட்டேன். "அவங்க சண்டை போட்டு வாங்கின சட்டைம்மா அது" என்றாள். அதோடு நான் செயலியைத் திறந்துவிட்டேன்.

சண்டை என்று அவள் சொன்னது உண்மைதான். 2023 ஜூலையில் உலகக்கோப்பைக்காக அணி ஆஸ்திரேலியா போயிருந்த நேரம். இங்கிலாந்து பெண்கள் அணியின் மற்ற சட்டைகள் எல்லாம் கடையில் இருந்தன. கீப்பர் சட்டை மட்டும் விற்பனைக்கே வரவில்லை. ஆண்கள் அணியின் கீப்பர் சட்டை கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முந்தைய ஆண்டு யூரோவை வென்ற அணியின் கீப்பர், உலகின் சிறந்த பெண் கீப்பர் என்று ஃபிஃபா பரிசு வாங்கியவர், அவருடைய சட்டையை வாங்க வழியில்லை. ஏர்ப்ஸ் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து வெளிப்படையாகவே சொன்னார்: இது மனதை நோகடிக்கிறது, கீப்பராக ஆசைப்படும் குழந்தைக்கு நாம் சொல்லும் செய்தி என்ன, ஸ்டிரைக்கர் ஆகலாம், கீப்பர் ஆகக் கூடாது என்பதா? மான்செஸ்டர் யுனைடெட்டில் தன் சட்டை விற்றுத் தீர்ந்த கதையையும் சேர்த்துச் சொன்னார். வாங்க ஆள் இல்லை என்ற சாக்கு அங்கேயே செத்துப்போனது.

சட்டையைத் தயாரிக்கும் நைக்கி கம்பெனி முதலில் வருங்காலப் போட்டிகளில் பார்த்துக்கொள்வோம் என்கிற மாதிரி ஒரு பதிலைத் தந்தது. நம் ஊர் அலுவலகங்களில் "மனு பரிசீலனையில் உள்ளது" என்பார்களே, அந்த ரகம். அதற்குள் ஒரு பதினாறு வயதுப் பெண் தொடங்கிய இணைய மனுவில் 1,50,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் டிரேசி கிரவுச் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு சட்டைக்காக நாடாளுமன்றம்! இறுதி ஆட்டம் முடிந்த சில நாட்களில், இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், நெதர்லாந்து அணிகளின் கீப்பர் சட்டைகளைக் குறைந்த எண்ணிக்கையில் விற்போம் என்று அறிவிப்பு வந்தது. அக்டோபரில் விற்பனைக்கு வந்து, நிமிடங்களில் தீர்ந்தது. பழைய துணிச் செயலியில் 65 பவுண்டு கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

கம்பெனிக்காரர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. கால்பந்து விதிகளில் நான்காவது விதிப்படி கீப்பரின் சட்டை தன் அணி, எதிரணி, நடுவர்கள் எல்லாருடைய நிறத்திலிருந்தும் பிரிந்து தெரிய வேண்டும். அதனால் ஒரு தொடருக்கு ஒரே கீப்பருக்கு இரண்டு மூன்று நிறத்தில் சட்டை வேண்டியிருக்கும். எந்த நிறத்தை எத்தனை அடிப்பது, எது விற்கும், எது கிடங்கில் தூங்கும் என்ற தலைவலி இருக்கத்தான் செய்யும். ஆனால் அதே தலைவலி ஆண்கள் சட்டைக்கும் உண்டு, இல்லையா?

சரி, ஏர்ப்ஸுக்கு வருவோம். எனக்கு இவரைப் பிடிப்பதற்குக் கோப்பைகள் பெரிய காரணமில்லை. வேலை பார்க்கும் பெண் என்ற முறையில் அவருடைய நடுப்பகுதிக் கதைதான் என்னை உட்கார வைத்தது. 1993இல் நாட்டிங்கமில் பிறந்தவர். லெஸ்டர், நாட்டிங்கம் ஃபாரஸ்ட், டான்காஸ்டர், கோவென்ட்ரி, பர்மிங்கம், பிரிஸ்டல் என்று ஊர் ஊராக அணி மாறியிருக்கிறார். இடையில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் தகவல் மேலாண்மையும் வணிகமும் படித்து 2016இல் பட்டம் வாங்கினார். பெண்கள் கால்பந்தில் சம்பளத்தை நம்பிப் படிப்பை விட முடியாத காலம். அதன்பின் 2016 முதல் 2018 வரை எங்கள் ரெடிங்குக்கு ஆடினார். நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்தது பிற்பாடு, அதனால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்த ரெடிங் பெண்கள் அணி 2023இல் மேல் லீக்கிலிருந்து இறங்கி, 2024இல் பணமில்லாமல் ஐந்தாம் நிலைக்குப் போய்விட்டது. இந்த ஊரில் கால்பந்து ஆடும் பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் லேசில் விட மாட்டார்கள்.

ரெடிங்குக்கு அப்புறம் ஜெர்மனியில் வொல்ஃப்ஸ்பர்க், 2019இல் மான்செஸ்டர் யுனைடெட். நாட்டு அணியில் முதல் ஆட்டம் 2017 ஜூனில், சுவிட்சர்லாந்துக்கு எதிராக. 2019 உலகக்கோப்பைக்கு அணியோடு போனார், ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் வெம்ப்ளியில் 77,000 பேருக்கு மேல் பார்க்க ஜெர்மனியோடு ஆட்டம், கீப்பர் ஏர்ப்ஸ். கடைசி நிமிடத்தில் விழுந்த கோலில் இங்கிலாந்து 2-1 என்று தோற்றது. அதோடு அழைப்பு வருவது நின்றுபோனது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு என்று வயது ஓடுகிறது. விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே பின்னால் சொன்னார். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுத நாட்களைப் பற்றியும் பேசியிருக்கிறார்.

2021 செப்டம்பரில் புதிதாக வந்த வீக்மன் அவரைத் திரும்ப அழைத்தார். அழைத்ததோடு முதல் கீப்பராகவும் நிறுத்தினார். 2022 யூரோவில் ஆறு ஆட்டம், எல்லாவற்றிலும் ஏர்ப்ஸ், மொத்தமே இரண்டு கோல்தான் விட்டார். இறுதி ஆட்டம் அதே வெம்ப்ளி, அதே ஜெர்மனி, இந்தத் தடவை 2-1 இங்கிலாந்துக்கு. பார்க்க வந்தவர்கள் 87,192 பேர். வீக்மன் நிருபர்களிடம் பேசிக்கொண்டிருந்த அறைக்குள் வீராங்கனைகள் பாடிக்கொண்டே புகுந்தார்கள், ஏர்ப்ஸ் மேசை மேல் ஏறி ஆடினார். அந்த வீடியோவை மகள் எத்தனை முறை போட்டிருப்பாள் என்று எண்ணவில்லை. மேசை மேல் ஏறும் பழக்கம் மட்டும் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது.

அப்புறம் சிட்னி. 2023 ஆகஸ்ட் 20, உலகக்கோப்பை இறுதி. ஸ்பெயின் 1-0 என முன்னிலை. இரண்டாம் பாதியில் கைபட்ட பந்துக்காக, வீடியோவில் நெடுநேரம் பார்த்து, நடுவர் பெனால்டி கொடுக்கிறார். அடிக்க வருவது ஜென்னி எர்மோசோ. அது போனால் கதை முடிந்தது. ஏர்ப்ஸ் பாய்ந்து, தட்டிவிடாமல், பந்தைப் பிடித்தே விட்டார். கீப்பிங் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பெனால்டியைத் தட்டினாலே பெரிய விஷயம், தட்டிய பந்து திரும்ப அடித்தவரின் காலுக்கே போகும் ஆபத்தும் உண்டு. பிடித்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. எழுந்து நின்று அவர் கத்திய வார்த்தை என்ன என்று உதட்டைப் பார்த்து உலகமே கண்டுபிடித்தது. மகள் கேட்டபோது நான் வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தேன், அவள் நம்பவில்லை. ஆட்டம் தோல்விதான். தொடரின் சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறை ஏர்ப்ஸுக்கு வந்தது. அதே ஆண்டு பிபிசியின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதும்.

2024இல் யுனைடெட்டுக்கு எஃப்.ஏ. கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாரிஸ் சென் ஜெர்மெயினுக்குப் போனார். நாட்டுக்காக மொத்தம் 53 ஆட்டம். ஓய்வுக்கு அப்புறம் வந்த தன்வரலாறு கொஞ்சம் புகையைக் கிளப்பியது. ஹாம்ப்டனை அணிக்குத் திரும்ப எடுத்ததைப் பற்றி அதில் எழுதியிருந்தது பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அது அவ்வளவு ரசிக்கவில்லை. இடத்தை இழந்தவருக்கு ஆற்றாமை இருக்கும், அதை அச்சில் ஏற்றியிருக்க வேண்டாம். ஆனால் அதற்காகச் சட்டையைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு நான் போகவில்லை.

இனி சட்டை.

நிறம் நேரில் பார்க்கும்போது படத்தைவிட அழுத்தமாக இருக்கிறது, மயில் கழுத்துப் பச்சைக்குப் பக்கத்தில். பிளாஸ்டிக் இழைத் துணி, எடையே தெரியாது, துவைத்துத் தொங்கவிட்டால் மழைக்காலத்திலும் ராத்திரிக்குள் காய்ந்துவிடுகிறது. நெஞ்சில் மூன்று சிங்கச் சின்னம். முழங்கையில் பஞ்சு கிடையாது. பெரிய ஆட்டக்காரர்கள் இப்போது பெரும்பாலும் பஞ்சில்லாமல்தான் போடுகிறார்கள். ஆனால் செயற்கைப் புல் தரையில் பாய்ந்து விழும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சரிவராது, முழங்கைத் தோல் உரிந்துவிடும். உள்ளே ஒரு பஞ்சு வைத்த உள்சட்டை போட்டுத்தான் அனுப்புகிறேன்.

என் புகார் விற்றவரிடம். "ஒரே ஒரு தடவை போட்டது" என்றாரே, அந்த ஒரு தடவைக்கு அப்புறம் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு வாட்டியிருக்கிறார். முதுகில் பெயரின் நான்காவது எழுத்தான 'பி'யின் வயிற்றுப் பக்கம் தோலுரிந்த மாதிரி எழும்பி நின்றது. படத்தில் அந்த இடம் தெரியாதபடி சட்டையை மடித்துப் படம் எடுத்திருந்தார். செயலிக்காரர்களிடம் எழுதினேன், "பயன்படுத்திய பொருளில் சிறு தேய்மானம் இயல்பு" என்று பதில் வந்தது. சரி என்று நானே உட்கார்ந்துவிட்டேன். சட்டையை மேசையில் விரித்து, எழுத்தின் மேல் கேக் தட்டில் போடும் ஒட்டாத தாளை வைத்து, நீராவியை நிறுத்திய அயர்ன் பெட்டியை மிதமான சூட்டில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தினேன். தேய்க்கக் கூடாது, அழுத்தி எடுக்க வேண்டும். தாளை உடனே உரிக்காமல் ஆறவிட்டு எடுத்தால் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது அழுத்தில் படிந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சுருக்கம் தெரியும், அவ்வளவுதான். அதிலிருந்து உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், மிருதுவாக்கும் திரவம் ஊற்றாமல் துவைக்கிறேன். எழுத்து இதுவரை அசையவில்லை.

ஆட்டத்தில் போட்ட அனுபவம் ஒன்று சொல்ல வேண்டும். பச்சைச் சட்டையை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு பெருமையாக மைதானத்துக்குப் போனாள். எதிரே வந்த அணிக்கும் பச்சைச் சட்டை. நடுவராக வந்த கல்லூரிப் பையன் இரண்டு பச்சையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மன்னிப்பு கேட்கிற குரலில், பயிற்சிக்குப் போடும் மஞ்சள் மேலங்கியை எடுத்து நீட்டினான். நான்காவது விதி என்று மேலே எழுதினேனே, அதை எங்கள் வீடு கற்றது அப்படி. ஏர்ப்ஸ் பெயர் முழு ஆட்டமும் மஞ்சள் துணிக்குள்ளேயே இருந்தது. வரும் வழியில் காரில் பேச்சு இல்லை. ஆகவே ஆட்டத்துக்கென்று வாங்குபவர்கள், எதிர் அணிகளின் நிறங்களை லீக் அட்டவணையில் பார்த்துவிட்டு வாங்குங்கள். அல்லது பையில் இன்னொரு நிறச் சட்டை எப்போதும் இருக்கட்டும்.

இந்தச் சட்டைக்குச் சரியான இடம் ஆட்டம் இல்லை என்பது என் முடிவு. பள்ளியில் சீருடை வேண்டாத நாள், பிறந்தநாள் விழா, ஆட்டம் பார்க்கப் போகும் நாள், இவற்றுக்குத்தான். ஒரு விஷயம் கண்ணால் பார்த்தேன். முன்பெல்லாம் கால்பந்துச் சட்டை போட்டுப் போனால், மற்றப் பிள்ளைகளின் முதுகில் ரூசோ, கெல்லி, வில்லியம்சன் என்று இங்கிலாந்து வீராங்கனைகளின் பெயர். இவள் முதுகில் மட்டும் பெயரில்லாத சட்டை. எங்கள் திண்டுக்கல் தெருவில் ஓட முடியாத குண்டுப் பையனையும் கடைசியில் வந்த சின்னவனையும்தான் கோலுக்கு நிறுத்துவார்கள், அதைத் தண்டனை மாதிரி பார்த்தே வளர்ந்தவள் நான். இவள் தானாகக் கேட்டுப் போய் அங்கே நிற்கிறாள். அதற்கு ஒரு பெயரும் சட்டையும் இருப்பது அவளுக்கு முக்கியமாகப் படுகிறது, சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

இதே பேச்சில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அதிதி சௌஹான். சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர், இந்திய அணியின் கீப்பராக இருந்தவர். அவரும் அதே லஃப்பரோவில் விளையாட்டு மேலாண்மை படித்தார். 2015இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்கு ஆடி, இங்கிலாந்துக் கால்பந்தில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். 2025 ஜூலையில் அவரும் ஓய்வு பெற்றார். அவர் பெயர் போட்ட கீப்பர் சட்டையை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. எங்காவது கிடைத்தால் யாராவது சொல்லுங்கள், சின்ன அளவில் ஒன்று வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். போலி நிறைய ஓடுகிறது. உட்பக்கத் தைப்பில் இருக்கும் துணிப்பட்டையில் பொருள் எண் இருக்கும், அதைத் தேடிப் பார்த்தால் கீப்பர் சட்டையின் படம் வர வேண்டும், வேறு ஏதோ சட்டை வந்தால் விட்டுவிடுங்கள். முதுகின் எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்து எடுத்த படம் கேளுங்கள், அனுப்ப மறுத்தால் காரணம் 'பி'தான். பெரியவர்களுக்கான சின்ன அளவு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தொளதொளவென்று இருக்கும், தோள் தையல் கைக்கு இறங்கும். உள்சட்டை போட அந்த இடைவெளி உதவுகிறது என்பதால் எனக்குக் குறையில்லை. எண்பது பவுண்டுக்கு மேல் கேட்டால் நான் வாங்கியிருக்க மாட்டேன். அந்தக் காசில் நல்ல கிளவுஸ் ஒன்று வாங்கலாம், உள்ளங்கை ரப்பர் எப்படியும் ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று விற்றவர் கணக்கில்.